லினக்ஸுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு: 5090-ஆ, 9070 எக்ஸ்டி-யா, பழசே போதுமா?

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன். அடுத்தவன் தக்கலையில் இருக்கும் என் சித்தி மகன். பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்), கேம் என்று இராத்திரி முழுக்க விழித்திருப்பவன். மூன்றாவது, நாகர்கோவிலில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளை வீட்டு மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. மூவரும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டும் லினக்ஸ்காரர்கள். மூவரும் முதலில் சொன்ன பெயர் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயா குடிக்க நின்ற இடத்தில் அண்ணனுக்கும் சித்தி மகனுக்கும் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, லினக்ஸ்ல என்விடியா போட்டா தெனமும் சண்டதான். டோர்வால்ட்ஸே வெரலக் காட்டினாருல்லா?"

"அவரு வெரலக் காட்டுன சமயத்துல நீ நாலாங் கிளாஸ் மக்கா. இப்ப கத வேற. எனக்கு வீடியோ வெட்ட டாவின்சி ஓடணும், அவ்வளவுதான்."

"ஓடும். அடுத்த கெர்னல் அப்டேட் வரைக்கும் ஓடும்."

பழம்பொரி ஆறிப்போனது. இருவர் சொன்னதிலும் பாதி சரி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது 2012-இல். என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து ஓடும் ட்ரைவர் துண்டுகள்) மூல நிரலைத் திறந்துவிட்டது 2022 மே மாதத்தில். நடுவில் பத்து வருடம். இன்றைக்கு வாங்குகிறவர் இந்த இரண்டு வருடங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் காசுதான் வீண்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலில் ட்ரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். அதிலும் இரண்டு கேள்வி. உங்கள் டிஸ்ட்ரோவில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) இன்றைக்கே கார்டு எழுந்து உட்காருமா? ஏழெட்டு வருடம் கழித்தும் அதற்கு ஆதரவு இருக்குமா? விண்டோஸ்காரர்கள் இரண்டாவது கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை. லினக்ஸ்காரர்கள் ஒரு மெஷினைப் பத்து வருடம் ஓட்டுகிறவர்கள், நாம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் வேலைக்கான மென்பொருள் கூடா கேட்கிறதா? கூடா என்பது என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கணிப்பு அடித்தளம். சில மென்பொருள் அது இல்லாவிட்டால் நகராது. சில மென்பொருளுக்கு எதுவும் சம்மதம்.

மூன்றாவது, கார்டின் மெமரி. பிறகு கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி), யூபிஎஸ். கடைசியாக நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கதி: உப்புக் காற்று, பழுதானால் எங்கே கொண்டுபோவது என்பது.

வேகத்தை மறந்துவிடவில்லை. 5090-தான் வேகமானது, அதில் தகராறே கிடையாது. ஆனால் இந்த மட்டத்தில் எந்தக் கார்டும் 1440பி திரைக்குத் தாராளமாகப் போதும். வேகப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. உங்கள் டெபியனில் கறுப்புத் திரை வருமா என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

| | என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 | ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி | இன்டெல் ஆர்க் பி580 | பழைய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 |
|---|---|---|---|---|
| வெளிவந்தது | 2025 ஜனவரி | 2025 மார்ச் | 2024 டிசம்பர் | 2020 செப்டம்பர் |
| அறிமுக விலை (டாலர்) | 1,999 | 599 | 249 | 1,499 |
| மெமரி | 32 ஜிபி | 16 ஜிபி | 12 ஜிபி | 24 ஜிபி |
| மெமரி வேகம், நொடிக்கு | 1,792 ஜிபி | 640 ஜிபி | 456 ஜிபி | 936 ஜிபி |
| முழு மூச்சில் கரண்ட் | 575 வாட் | 304 வாட் | 190 வாட் | 350 வாட் |
| தினம் 4 மணி நேரம், 60 நாளில் | 138 யூனிட் | 73 யூனிட் | 46 யூனிட் | 84 யூனிட் |
| ட்ரைவர் | என்விடியா 570 அல்லது அதற்கு மேல், திறந்த மாட்யூல் மட்டும் | கெர்னலிலும் மெசாவிலும் (திறந்த கிராபிக்ஸ் நூலகம்) உள்ளது | கெர்னலிலும் மெசாவிலும் உள்ளது | என்விடியா |
| கூடா | உண்டு | இல்லை | இல்லை | உண்டு |

விலை டாலரில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவுக்கு என்விடியா அறிவித்த விலை 5090-க்கு 2,14,000 ரூபாய், 5080-க்கு 1,07,000. 2025 கடைசியில் மெமரி சில்லு விலை ஏற ஆரம்பித்த பிறகு கடை விலையை எழுதி வைப்பதில் அர்த்தமில்லை. காலையில் கேட்டது மாலையில் இல்லை. ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்பதைப் பார்க்க இந்தப் பட்டியல் போதும்.

## ஆர்டிஎக்ஸ் 5090

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 32 ஜிபி மெமரி சாதாரணக் கடைக் கார்டு வேறு எதிலும் இல்லை. மொழி மாதிரி பதில் எழுதும் வேகத்தைப் பெரும்பாலும் மெமரி வேகம்தான் தீர்மானிக்கிறது. அதில் இது 9070 எக்ஸ்டி-யைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பிளெண்டரில் ஆப்டிக்ஸ் (படத்தை வேகமாக ரெண்டர் செய்யும் என்விடியா வழி), டாவின்சியில் கூடா, ஏஐ வேலைக்கான பைடார்ச்சில் எந்தப் பயிற்சிப் பாடத்தைத் திறந்தாலும் கூடா. எதையும் தேடி அலைய வேண்டாம்.

லினக்ஸில் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 50 வரிசை முழுவதும் என்விடியாவின் திறந்த கெர்னல் மாட்யூலில் மட்டுமே ஓடும். பழைய மூடிய மாட்யூல் இதைக் கண்டுகொள்ளாது. "திறந்த" என்றதும் எல்லாம் திறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கெர்னல் பகுதி மட்டும்தான் திறந்தது. மேலே உட்காரும் ஓப்பன்ஜிஎல், வல்கன் (இரண்டும் திரையில் படம் வரைபவை), கூடா நூலகங்கள் இன்னும் பூட்டிய பெட்டிதான். கார்டுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேரைப் பொறுத்தவரை ஏஎம்டியும் மூடித்தான் வைத்திருக்கிறது, அதை இங்கே குறையாகச் சொல்ல மாட்டேன்.

நான் பட்ட பாடு ஒன்று. தெரிந்தவர் ஒருவரின் ஆபீஸில் 50 வரிசைக் கார்டைச் செருகி, டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவி, டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்த என்விடியா ட்ரைவரை நிம்மதியாகப் போட்டேன். ரீபூட். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்டில். ஆனால் அதன் நிலையான களஞ்சியத்தில் இருந்த என்விடியா ட்ரைவர் 550 வரிசை. 50 வரிசைக்கு 570 வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டியது நான்தான். என்விடியாவின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்துச் சரிசெய்தபோது மணி நாலரை. அதன் பிறகும் செக்யூர் பூட் ஒரு கை பார்த்தது: வெளியிலிருந்து வந்த மாட்யூலுக்குக் கையெழுத்து வேண்டும், நீலத் திரையில் சாவியைப் பதிய வேண்டும், அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் திரும்ப முதலிலிருந்து. உபுண்டுவில் கையெழுத்திட்ட மாட்யூல் தயாராக வருகிறது என்பதால் இந்தத் தலைவலி அங்கே குறைவு.

லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில் இருந்த பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. 2024-இல் 555 வரிசை ட்ரைவரில் எக்ஸ்பிளிசிட் சிங்க் (வரைந்து முடித்த படத்தை மட்டும் திரைக்கு அனுப்பும் ஒழுங்கு) வந்த பிறகு, திரை மினுக்குவது, ஜன்னல்கள் பின்னோக்கித் துள்ளுவது எல்லாம் வெகுவாகக் குறைந்துபோயின. கேமில் இன்னும் ஒரு குறை இருக்கிறது: டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளை ப்ரோட்டான் (விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியே ஓட்டும்போது விண்டோஸில் கிடைக்கும் வேகம் என்விடியாவில் முழுசாகக் கிடைப்பதில்லை. விளையாட்டுக்கு மட்டும் 5090 வாங்கும் லினக்ஸ்காரர், காசு கொடுத்த வேகத்தில் ஒரு பங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

பில்லில் வராத செலவு. 5090-க்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் 1000 வாட். வீட்டில் இருக்கும் 650 வாட் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டும். கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கடையில் தரும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கார்டு மட்டுமே 575 கேட்கிறது. கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கீ என்று கத்திவிட்டு அதுவும் போய்விடும். அப்படியானால் 1.5 அல்லது 2 கேவிஏ, அதுவும் சுத்தமான சைன் அலை தருவது. மலிவான யூபிஎஸ்ஸின் சதுர அலையைச் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

கரண்ட் பில்லையும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் சில யூனிட்டுகள் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டாதவர்களுக்குக் கிடைக்கும் மலிவான படி போய்விடும், மேலே ஒவ்வொரு படியும் கூடுதல் விலை. ஏசியும் மோட்டாரும் உள்ள வீடு ஏற்கெனவே 400-ஐ ஒட்டித்தான் நிற்கும். அங்கே 138 யூனிட் சேர்ந்தால் அந்த 138-க்கு மட்டுமல்ல, மொத்தக் கணக்குக்கும் விலை மாறும். அப்புறம் அந்த 575 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். சித்திரை மாதத்து நாகர்கோவில் புழுக்கத்தில் மேசைக்கடியில் சின்ன இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்த மாதிரி.

இன்னொன்று அந்த ஒற்றைக் கேபிள். 12வி-2எக்ஸ்6 என்ற இணைப்பியின் உச்ச வரம்பு 600 வாட். கார்டு எடுப்பது 575. 2022-இல் 4090-இல் இதன் முந்தைய வடிவம் உருகிய செய்திகள் வந்தன, 2025 பிப்ரவரியில் 5090-இலும் வந்தன. வாங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளையே போடுங்கள், கடைசிவரை அழுத்துங்கள், இணைப்பிக்குப் பக்கத்திலேயே வளைக்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்? கூடாவில் தினமும் வேலை செய்து, அதில் வரும் வருமானத்தில் கார்டின் தவணையைக் கட்டுகிறவருக்கு. 16 ஜிபியில் அடங்காத காட்சி, 24 ஜிபியில் அடங்காத மாதிரி கையில் இருப்பவருக்கு. மற்றவர்களுக்கு இது பைக்குக் கட்டின லாரி டயர்.

## ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி

இதன் ட்ரைவரை யாரும் நிறுவுவதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. கெர்னலில் ஏஎம்டிஜிபியூ, மேலே மெசா, அதில் வல்கனுக்கு ஆர்ஏடிவி. ஏஎம்டி தனியாக வளர்த்துவந்த இன்னொரு திறந்த வல்கன் ட்ரைவரை 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டு, இனி ஆர்ஏடிவிதான் என்று சொல்லிவிட்டது. செருகு, பூட் செய், வேலையைப் பார்.

நிபந்தனை இதற்கும் உண்டு, ஆனால் சின்னது. கெர்னல் 6.12 அல்லது அதற்கு மேல், மெசா 25.0, புதிய ஃபர்ம்வேர் தொகுப்பு. கார்டு வெளிவந்த மாதத்தில் உபுண்டு 24.04-காரர்களுக்கு இது தொல்லையாக இருந்தது. 24.04.3-இலேயே கெர்னல் 6.14-உம் மெசா 25-உம் வந்துவிட்டன. டெபியன் 13-இலும் 6.12 இருக்கிறது. டெபியன் 12-இலேயே உட்கார்ந்திருப்பவர் முதலில் மேலே ஏறிவிட்டு வரட்டும்.

இனி ஏழு வருடக் கேள்வி. என்விடியா 580 வரிசை ட்ரைவரோடு பாஸ்கல் தலைமுறையை முடித்துக்கொண்டது. ஜிடிஎக்ஸ் 1060, 1080 எல்லாம் அதில் அடக்கம். 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590-க்கு மாறியபோது, அந்தக் கார்டு வைத்திருந்தவர்கள் பழைய 580 தொகுப்பைத் தனியே தேடிப் போட வேண்டியதாயிற்று. தெரியாமல் அப்டேட் கொடுத்தவர்களுக்கு டெஸ்க்டாப்பே வரவில்லை. 2016-இல் வந்த கார்டு, ஒன்பது வருடம். மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் ஏஎம்டி பக்கம் நடந்ததைப் பாருங்கள்: 2012-ஐ ஒட்டி வந்த ரேடியான் எச்டி 7970 காலத்துக் கார்டுகளைப் பழைய ட்ரைவரிலிருந்து புதிய ஏஎம்டிஜிபியூ ட்ரைவருக்கு இயல்பாகவே மாற்றிக் கொடுத்தது கெர்னல் 6.19. அதைச் செய்ததில், ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வுக்காக வேலை செய்யும் நிரலாளர்களின் பங்கு பெரியது. நிரல் திறந்திருந்தால் கம்பெனி கைவிட்ட பிறகும் வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியும். என் வாக்கு சாய்வது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஆனால் இது படம் காட்டும் வேலைக்கு மட்டும். கணிப்பு வேலைக்கான ராக்எம் (கூடாவுக்கு ஏஎம்டியின் மாற்று) விஷயத்தில் ஏஎம்டி அப்படி நடந்துகொண்டதில்லை. ஆர்எக்ஸ் 580 காலத்துக் கார்டுகளை ராக்எம் எப்போதோ கழற்றி விட்டுவிட்டது. 9070 எக்ஸ்டி-க்கே முறையான ராக்எம் ஆதரவு கார்டு வந்து இரண்டு மாதம் கழித்து, 6.4.1 பதிப்பில்தான் கிடைத்தது. மொழி மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி போன்றவை வல்கனிலேயே ஓடிவிடும், அது ஆறுதல். பைடார்ச் ஓடும், ஆனால் இணையத்தில் எடுத்த எந்த நிரலும் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே உங்கள் சனிக்கிழமைகளைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கெர்னலை மாற்றியதும் திரை உறைந்து, பதிவேட்டில் ரிங் டைம்அவுட் என்று வரும் புகார்களும் ஏஎம்டிக்குப் புதிதல்ல. பழைய கெர்னல் ஒன்றை பூட் மெனுவில் அழிக்காமல் வையுங்கள். இது எல்லாக் கார்டுக்கும் பொருந்தும்.

பில்லில் வராத செலவு. டிவியில் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது எச்டிஎம்ஐ 2.1. இதற்கான ஏஎம்டியின் திறந்த நிரலை எச்டிஎம்ஐ தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் ஏற்க மறுத்துவிட்டது. அதனால் எச்டிஎம்ஐ வழியே 4கே 120 ஹெர்ட்ஸ் முழுத் தரத்தில் கிடைக்காமல் போகலாம். மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் கவலையே இல்லை. ஹாலில் 55 இஞ்ச் டிவியில்தான் விளையாடுவேன் என்பவர் ஒரு நல்ல அடாப்டரின் விலையையும் சேர்த்துக்கொள்ளட்டும். எஸ்எம்பிஎஸ் 750 வாட் போதும். பெரும்பாலான மாடல்களில் பழைய 8 பின் இணைப்பியே இருக்கிறது.

யாருக்குப் பொருந்தும்? விளையாட்டு, வல்கன், வேலண்ட், பொதுவான பிளெண்டர் வேலை, நீண்ட நாள் ஓட்டம் எல்லாவற்றுக்கும். என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கூட்டம்தான், அவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

## ஆர்க் பி580

5090-ஐப் பார்க்கையில் விலை கால்வாசிக்கும் கீழே, கரண்ட் மூன்றில் ஒரு பங்கு. 12 ஜிபி மெமரி. வீடியோ பிரிப்பதிலும் சுருக்குவதிலும் இன்டெலின் சில்லு கெட்டிக்காரன், ஏவி1 என்ற புது வீடியோ வடிவமும் உண்டு. கெர்னல் 6.12-இலிருந்து எக்ஸ்இ ட்ரைவர் தானாகவே எழும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லையென்றால் இந்தக் கார்டு நொண்டும். உயர்தரக் கார்டு ஒப்பீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். 5090 வேண்டும் என்று வந்து, பேசி முடிக்கும்போது இது போதும் என்று புரிந்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான்.

## பழைய 3090

24 ஜிபி மெமரி, கூடா. மொழி மாதிரிக்காரர்கள் இன்னும் இதைத் தேடி அலைவதற்கு அதுதான் காரணம். 32 பில்லியன் எண்களால் (பராமீட்டர்) ஆன மாதிரியை நாலு பிட்டில் சுருக்கினால் ஏறக்குறைய 20 ஜிபி. 16-இல் அடங்காது, 24-இல் அடங்கும். 70 பில்லியன் என்றால் 40 ஜிபி வேண்டும், அது 5090-இலும் அடங்காது. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

வாரண்டி இருக்காது. கிரிப்டோ மைனிங்கில் வதங்கியதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கார்டில் மெமரி சில்லுகள் பலகையின் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்பக்கம் கொதிக்கும். தெர்மல் பேட் மாற்றத் தெரிந்தவர் கையில் மட்டும் இது லாபம். பாஸ்கலுக்குக் கொடுத்த ஒன்பது வருடத்தை இதற்கும் கொடுத்தால் 2029 வரை ட்ரைவர் வரும் என்பது என் கணக்கு. விற்பவர் மெஷினிலேயே அரை மணி நேரம் பளுவேற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

## நம் ஊருக்கென்று சில

குளச்சலில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு ஒன்றில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கார்டு வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கேபினெட்டோடு கார்டைப் பிடிக்கும் இரண்டு திருகும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் தலை கையோடு வந்துவிட்டது. அலுமினியத் தகடுகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, விரலில் தொட்டால் சுண்ணாம்பு போல. விசிறியைச் சுற்றிவிட்டால் இரண்டு சுற்றில் நின்றது. உப்பு. ஜன்னலுக்கு நேர் கீழே மேசை, மேற்கிலிருந்து நேராகக் காற்று. முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்கள் இரண்டு லட்சம் ரூபாய்க் கார்டை வாங்கும் முன் மேசையை இடம் மாற்றுவதற்கு வழி பாருங்கள். விசிறி ஓயாமல் இழுக்கும் பெரிய கார்டு உப்பையும் கூடவே இழுக்கும்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் சங்கதி வேறு. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி. பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இணையக் கேபிளையும் பிடுங்குங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, கார்டின் ஜிஎஸ்டிக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கும் இடம்: பெரிய கார்டு நாகர்கோவிலில் சொல்லிவைத்தால் வரும், அல்லது களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம், அல்லது ஆன்லைன். எதுவானாலும் பழுதானால் பார்சல் கட்டித்தான் அனுப்ப வேண்டும். நான் ஒருமுறை அனுப்பிய கார்டு திரும்பி வர ஆறு வாரம் ஆனது. வந்தபோது பெட்டியில் இருந்தது வேறு மாடல். அதனால் சீரியல் எண்ணைப் போட்டோ எடுக்காமல் எதையும் அனுப்புவதில்லை.

"மச்சான் துபாயிலிருந்து வரார், கொண்டுவரச் சொல்லவா?" இந்தக் கேள்வி வராத மாதமில்லை. இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாங்கிய கார்டின் வாரண்டி இங்கே செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கஸ்டம்ஸில் லேப்டாப் ஒன்றுக்குத் தனிச் சலுகை உண்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு அது கிடையாது. 5090-இன் விலை வரியில்லா வரம்பை எளிதில் தாண்டும். ஏர்போர்ட்டில் மச்சானை மாட்டிவிட்டு, அப்புறம் குடும்பத்தில் பேச்சு வாங்க வேண்டாம்.

## மூவருக்கும் என்ன சொன்னேன்

ஸ்டுடியோ அண்ணனிடம் கார்டுக்கு முன் மென்பொருளைப் பேசினேன். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. கேமரா தருவதோ அதுதான். இத்தனை நாளும் ஒவ்வொரு கல்யாணத்தையும் முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கை நிரப்பி, அப்புறம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். கார்டு வேகம் இல்லை என்று அவர் நினைத்ததில் பாதி இதுதான். காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு, அதோடு 5090-க்குப் பதில் 5070 டிஐ: 16 ஜிபி, 300 வாட், இந்திய அறிவிப்பு விலை 80,000. அதே தலைமுறை, அதே கூடா. நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 வீடியோவைச் சில்லிலேயே பிரிக்கும் வசதி 50 வரிசையில் உண்டு, 3090-இல் கிடையாது. 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டாம். மிச்சத்தில் நல்ல யூபிஎஸ் வாங்கச் சொன்னேன், லென்ஸ் வாங்கிவிட்டார்.

மூன்றாம் வருடப் பெண்ணிடம் இப்போது எதுவும் வாங்காதே என்றேன். அவளிடம் இருக்கும் மெஷினில் சின்ன மாதிரிகள் மெதுவாக ஓடுகின்றன. பெரியது தேவைப்படும் நாளில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். மாதம் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதி வரச் சொன்னேன். முதல் மாதம் பதினொரு மணி நேரம். "பதினொண்ணு மணி நேரத்துக்கா ரெண்டு லட்சம் கேட்டேன் மாமா?" என்று அவளே சிரித்தாள். வாடகை மணி நூறைத் தாண்டும் மாதத்தில் 3090 பற்றிப் பேசுவதாக ஒப்பந்தம்.

சித்தி மகன் நான் சொல்லும் முன்பே 9070 எக்ஸ்டி-க்கு ஆர்டர் போட்டுவிட்டான். வேலரண்ட் விளையாடவா என்று கேட்டேன். அது லினக்ஸில் எந்தக் கார்டிலும் ஓடாது என்று அவனுக்கும் தெரியும், முறைத்தான். கார்டு வந்தது, பூட் ஆனது, ட்ரைவர் என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அவன் அளந்து பார்த்தது நீளத்தை மட்டும், அகலத்தை அளக்கவில்லை. மேலே நிற்கும் கரண்ட் கேபிள் இடிப்பதால் கேபினெட்டின் பக்கக் கதவு மூடவில்லை. உள்ளே பல்லி ஏறாமல் இருக்க அந்த இடத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான்.